மாடு கத்துவதற்கு முன் தலைக்குள் நடப்பது: புதிதாக மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கு

எங்கள் வளவுக்கு முதல் பசு வந்தபோது, நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிப் பத்து வருடம் தாண்டியிருந்தது. பரிவகக்கீழ், கபச்சுரப்பி, சூலகம் என்று மூன்று பெட்டி கீறி, இடையில் அம்புக்குறி போட்டு, எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் பசுவின் முதல் வேட்கை, அதாவது காளையைத் தேடிச் சினைக்குத் தயாராகிற நேரம், எனக்குத் தெரியாமலே போனது. விடியற்காலை கத்தியது. தாகமாக்கும் என்று வாளியில் தண்ணீர் வைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வளவு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, நேற்று முழுக்க மாடு காளைக்குக் கத்தினது, நீங்கள் ஒருத்தரையும் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த தவணைக்கு 21 நாள் காத்திருந்தோம்.

நான் கீறிய அம்புக்குறிகளில் எது எதைத் தூண்டும் என்று இருந்தது. எத்தனை மணித்தியாலத்தில் தூண்டும், எவ்வளவு இடைவெளி விட்டுத் தூண்டும் என்பது இருக்கவில்லை. மாடு வளர்ப்பவருக்கு வேண்டியதே அந்த நேரக்கணக்குத்தான். இனப்பெருக்கத்தை மூளை நேரத்தால் ஆளுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் கொட்டிலில் காண்கிற பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். புதிதாக ஒரு பசுவோ இரண்டு மறியாடோ வாங்கியிருப்பவர்களுக்காகவும், இந்தப் பாடத்தை முதன்முறை படிக்கிற பிள்ளைகளுக்காகவும் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: தலையிலிருந்து தொடங்குங்கள்

கன்று கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் பார்ப்பது மாட்டின் பின்பக்கத்தைத்தான். நீங்கள் தலையிலிருந்து தொடங்குங்கள். மூளையின் அடிப்பக்கத்தில், ஏறக்குறைய நடுவில் இருப்பது பரிவகக்கீழ். அதன் கீழே ஒரு சிறு காம்பில் தொங்குவது கபச்சுரப்பி. மனிதரில் அது ஒரு கடலை அளவுதான் இருக்கும்.

பரிவகக்கீழிலும் அதை ஒட்டியும் சிதறிக் கிடக்கிற கொஞ்ச நரம்புக் கலங்கள் ஜிஎன்ஆர்எச் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. பத்து அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு குட்டிச் சரம் அது. காம்பினூடாக இறங்கும் நுண்ணிய குருதிக் குழாய்கள் அதைக் கபச்சுரப்பிக்குக் கொண்டுபோகின்றன. கபச்சுரப்பி அதைக் கண்டதும் எல்எச், எப்எஸ்எச் என்ற இரண்டு ஓமோன்களை உடற்குருதியில் விடுகிறது. அவை பசுவில் சூலகத்துக்கும் நாம்பனில் விதைக்கும் போய்ச் சேரும். சூலகம் ஈஸ்திரசனையும் புரோஜெஸ்தரோனையும் சுரக்கும், விதை தெஸ்தோஸ்தரோனைச் சுரக்கும். அந்த ஓமோன்கள் திரும்ப மூளைக்குப் போய், "வேலை நடக்கிறது, இனிக் கொஞ்சம் குறை" என்று சொல்லும். எலி, ஆடு, மாடு, யானை, மனிதர் எல்லோருக்கும் இந்த ஒழுங்கு ஒன்றுதான். பாலூட்டிகளுக்குள் மாறுவது நேரமும் காலமும்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு பெரிது. கபச்சுரப்பியை அதன் இடத்திலிருந்து எடுத்து உடலின் வேறோரிடத்தில் ஒட்டினால் இனப்பெருக்கம் நின்றுவிடுகிறது என்றும், பரிவகக்கீழுக்கு அடியிலேயே திரும்ப ஒட்டினால் மறுபடி வேலை செய்கிறது என்றும் 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜெப்ரி ஹரிஸ் காட்டினார். அப்படியென்றால் மேலேயிருந்து குருதி வழியே ஏதோ ஒன்று வரவேண்டும். அது என்னவென்று அன்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளையிலும் ரொஜர் கில்லமின் செம்மறிகளின் மூளையிலும் தேடினார்கள். இறைச்சித் தொழிற்சாலைகளிலிருந்து இலட்சக்கணக்கில் மூளைத் துண்டுகளைச் சேர்த்து அரைத்து வடித்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கொஞ்சமாவது கிடைக்கும். 1971இல் ஜிஎன்ஆர்எச்சின் அமைப்பு தெரியவந்தது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

"வேலை நடக்கிறது, குறை" என்ற அந்தத் திரும்பல் செய்திக்கு எங்கள் ஊரிலேயே பழகிய சாட்சி இருக்கிறது. நாம்பனுக்கு நலமடித்தால் அது சாதுவாகி வண்டிலுக்குப் பழகும். தெஸ்தோஸ்தரோன் வருகிற இடம் போய்விட்டதல்லவா? ஆனால் அந்த மாட்டின் குருதியைச் சோதித்தால் எல்எச்சும் எப்எஸ்எச்சும் முன்னையதைவிடக் கூடியிருக்கும். பதில் வராததால் மூளை இன்னும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னூட்டல் என்ற சொல்லை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

இரண்டாம் படி: மூளை துடிப்புத் துடிப்பாகப் பேசுகிறது

ஜிஎன்ஆர்எச் குழாயைத் திறந்துவிட்டதுபோல ஒழுகுவதில்லை. ஒரு துடிப்பு, பிறகு அமைதி, பிறகு இன்னொரு துடிப்பு. 1978இல் ஏர்ன்ஸ்ட் நோபிலும் அவருடைய குழுவினரும் இதைக் குரங்குகளில் தெளிவாகக் காட்டினார்கள். குரங்கின் சொந்த ஜிஎன்ஆர்எச்சை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து மணிக்கொரு தடவை கொடுத்தபோது கபச்சுரப்பி ஒழுங்காக எல்எச்சும் எப்எஸ்எச்சும் விட்டது. அதே ஓமோனை இடைவிடாமல் செலுத்தியபோது எல்லாம் இறங்கிப் படுத்துவிட்டது. மருந்து அதே மருந்துதான், இடைவெளி மட்டும்தான் இல்லை.

கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். நேரத்துக்கு அடித்தால் ஊர் எழும்பும், எந்தப் பூசை என்றுகூடச் சொல்லும். நாள் முழுக்க விடாமல் அடித்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கபச்சுரப்பியும் அப்படித்தான். மருத்துவர்கள் இதை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். வயதுக்கு முன்னரே பருவமடையத் தொடங்கிய பிள்ளைகளுக்கும், புரொஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களுக்கும், நீண்ட நேரம் நின்று வேலை செய்கிற ஜிஎன்ஆர்எச் வகை மருந்தைக் கொடுத்து, தெரிந்தே அந்த வழியை அடக்கிவைக்கிறார்கள்.

துடிப்பின் வேகத்தில்கூட அர்த்தம் இருக்கிறது. வேகமான துடிப்பு எல்எச்சைக் கூட்டும், மெதுவான துடிப்பு எப்எஸ்எச் பக்கம் சாயும். பசுவில் வேட்கை நெருங்கும்போது மணிக்கொன்று என்ற அளவில் துடிப்பு வரும். மற்ற நாட்களில் பல மணித்தியாலத்துக்கு ஒன்றுதான்.

இந்தத் துடிப்பை அடிக்கிற கை எது? கிஸ்பெப்ரின் என்ற இன்னொரு ஓமோனைச் சுரக்கிற நரம்புக் கலங்கள். அதன் மரபணு 1996இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஹேர்ஷி என்ற ஊரில், புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் ஒன்றாகத்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 'கிஸ்' என்ற அந்த ஊர்ச் சொக்லேட்டின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். 2003இல்தான், இந்த ஓமோனை ஏற்கிற வாங்கி பழுதான மனிதர்கள் பருவமடைவதே இல்லை என்று தெரியவந்தது. பருவமடைதலின் கதவை மூளைக்குள் தட்டுவது எது என்று அதுவரை நாங்கள் வகுப்பில் சரியாகச் சொல்ல முடியாமல் இருந்தது.

மூன்றாம் படி: கலண்டரை எடுங்கள்

சுவர்க் கலண்டர் ஒன்றும் பென்சிலும் கொட்டிலுக்குள் இருக்கட்டும். இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

பசுவின் வட்டம் சராசரி 21 நாள், 18 முதல் 24 வரை போகலாம். வெள்ளாட்டுக்கும் ஏறக்குறைய 21, செம்மறிக்கு 17. வேட்கை தெரிந்த நாளை 0 என்று குறியுங்கள். அடுத்த நாளளவில் சூல், அதாவது முட்டைக் கலம், வெளியேறும். சூல் வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் வளர்ந்து புரோஜெஸ்தரோனைச் சுரக்கத் தொடங்கும். அது மூளைக்குப் போய்த் துடிப்பை மெதுவாக்கும். அந்த நாட்களில் சூலகத்தில் சூலைத் தாங்கிய புடைப்புகள் இரண்டு மூன்று அலையாக வளரத்தான் செய்யும், ஆனால் துடிப்பு மெதுவென்பதால் ஒன்றும் வெடிக்காது, வாடிப்போகும். 16, 17ஆம் நாளளவில் கருப்பை ஒரு கணக்குப் பார்க்கிறது. கரு இல்லையென்றால் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருளை விட்டு மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும். புரோஜெஸ்தரோன் விழும். துடிப்பு வேகமெடுக்கும். அந்த நேரம் பார்த்து வளர்ந்துகொண்டிருக்கிற புடைப்புக்கு யோகம், அது பெருத்து ஈஸ்திரசனைக் கொட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மற்ற நேரங்களில் "குறை" என்று சொல்கிற அதே ஈஸ்திரசன், ஓர் அளவுக்கு மேல் கூடி, போதிய நேரம் நின்றால் மூளைக்கு "கூட்டு" என்று சொல்லத் தொடங்கும். அப்படியே தலைகீழ். ஜிஎன்ஆர்எச் பொங்கும், அதனோடு எல்எச் வெள்ளம்போல வரும். அந்த வெள்ளத்தில்தான் புடைப்பு வெடிக்கிறது. பசு கத்துவதும் மற்ற மாட்டின்மேல் ஏறுவதும் அதே ஈஸ்திரசன் மூளையில் செய்கிற வேலை. நடத்தைக்கும் சூலுக்கும் கட்டளை ஒரே இடத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. மாடு கத்துவதை வைத்துச் சூல் எப்போது வரும் என்று எங்களால் சொல்ல முடிவது அதனால்தான்.

எல்லா விலங்கும் இப்படி வட்டம் சுற்றுவதில்லை. முயலிலும் பூனையிலும் புணர்ச்சி நடந்தால்தான் அந்த எல்எச் வெள்ளம் வரும். முயல் வளர்க்கிற பிள்ளைகள் வேட்கை நாள் எண்ணித் தலையை உடைக்கத் தேவையில்லை. சேர்த்துவிட்டால் பத்து மணித்தியாலமளவில் சூல் வெளியேறிவிடும்.

நான்காம் படி: வேட்கையைப் பிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் இது கடினமாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பட்டியாக மாடு நிற்கிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஏறும்போது விலகாமல் நிற்கிற மாடுதான் வேட்கையில் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லலாம். எங்கள் வளவுகளில் வேலிக்குள் ஒற்றை மாடு, அதுவும் கயிற்றில் நிற்கிறது. அது யார்மேல் ஏறும்? அதனால் சின்ன அடையாளங்களைப் பழக வேண்டும்.

மூன்று நேரம் பாருங்கள்: விடிய, பின்னேரம், படுக்கப் போகுமுன் ஒருதடவை ரோர்ச் அடித்து. பல மாடுகளுக்கு வேட்கை இரவிலும் விடியற்புறத்திலும்தான் தெரியும். வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தள்ளும். கயிறு நீளமட்டும் சுற்றிச் சுற்றி நடக்கும். பால் திடீரென்று கால் போத்தல், அரைப் போத்தல் குறையும். நீங்கள் முதுகின் பின்பக்கத்தில் கை வைத்து அழுத்தினால் வாலைப் பக்கமாக ஒதுக்கும். பிறப்புறுப்பு கொஞ்சம் வீங்கிச் சிவந்திருக்கும்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்கது சளி. வாலின் அடியையும் பின்தொடையையும் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருவை இரு விரலுக்கிடையில் பிடித்து இழுத்தால் எப்படி நூலாக வரும்? அப்படித் தெளிந்த, அறுபடாமல் தொங்கும் சளி வந்தால் வேட்கைதான். அது மஞ்சளாகவோ சீழ்போலவோ இருந்தாலோ, நாறினாலோ கருப்பையில் நோய் இருக்கிறது, மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். படுத்து எழும்பிய இடத்தில் தரையில் அந்தச் சளி ஒட்டிக் காய்ந்து மினுங்கும். எங்கள் கொட்டில் சீமெந்துத் தரை என்பதால் விடிய முதல் நான் பார்ப்பது மாட்டையல்ல, தரையைத்தான்.

சரி, கண்டுவிட்டீர்கள். சினைப்படுத்துகிற ஆளை எப்போது கூப்பிடுவது? வேட்கை 12 முதல் 18 மணித்தியாலம் நிற்கும், உள்ளூர் மாடுகளில் அதைவிடக் குறைவு. வேட்கை தொடங்குகிற நேரத்தை ஒட்டி எல்எச் வெள்ளம் வரும். அதிலிருந்து ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடவோ கழித்துத்தான் சூல் வெளியேறும். அதாவது மாடு கத்தி ஓய்ந்த பிறகு. வெளியேறிய சூல் சில மணித்தியாலம்தான் தாங்கும். விந்துக்கும் கருப்பைக்குள் போய்த் தயாராகச் சில மணித்தியாலம் வேண்டும். ஆகவே பழைய விதி இன்றும் சரி: விடியக் கண்டால் அன்று பின்னேரம் சினைப்படுத்துங்கள், பின்னேரம் கண்டால் அடுத்த நாள் விடிய. கண்டவுடன் கொஞ்சம் முந்திப் போனாலும் பரவாயில்லை. நான் செய்ததுபோல ஒன்றரை நாள் விட்டால் வீண்.

இன்னொன்று. வேட்கை கழிந்து இரண்டொரு நாளில் வாலில் இரத்தக்கறை தெரியலாம். பயப்பட வேண்டாம். ஈஸ்திரசன் விழுந்ததால் கருப்பையின் உட்பக்கத்தில் ஏற்படும் சின்னக் கசிவு அது. சினை நின்றதற்கோ நிற்காததற்கோ அது அடையாளமல்ல. ஆனால் வேட்கையைத் தவறவிட்டவருக்கு நல்ல துப்பு. கறை கண்ட நாளிலிருந்து 18, 19 நாள் எண்ணிக் கலண்டரில் வட்டம் போடுங்கள்.

ஐந்தாம் படி: மூளையின் வாசல்கள்

மூன்று மாதமாகியும் மாடு கத்தவே இல்லை என்று வருபவர்கள் முதலில் ஊசி இருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்கு முன் மூளைக்கு என்ன செய்தி போகிறது என்று பார்க்க வேண்டும். ஜிஎன்ஆர்எச் துடிக்குமுன் மூளை உடம்பையும் சுற்றாடலையும் விசாரிக்கிறது. பிள்ளை பெற்று வளர்க்கிற நிலையா இது என்று.

முதல் விசாரணை சாப்பாடு. கொழுப்புக் கலங்கள் லெப்ரின் என்ற ஓமோனை விடுகின்றன என்பது 1994இல் தெரியவந்தது. கொழுப்புக் கரைந்தால் லெப்ரின் இறங்கும், கிஸ்பெப்ரின் கலங்கள் அடங்கும், துடிப்பு நின்றுவிடும். கன்று ஈன்று பால் நிறையக் கொடுக்கிற மாடு, தின்பதைவிடக் கூடவே பாலாக வெளியே விடுகிறது. எங்கள் கோடையில், புல் கருகி, வைக்கோலும் கிழித்த பனையோலையுமாக ஓடுகிற மாதங்களில் இது இன்னும் மோசம். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ண முடிந்தால் அந்த மாட்டின் மூளை வேட்கைக்கு இடம் கொடாது. தவிடும் பிண்ணாக்கும் கூட்டுங்கள், கிளிசிரிடியா, இபில் இபில் குழைகள் கிடைத்தால் போடுங்கள், தாதுப்பு கட்டாயம். உடம்பு தேறத் தொடங்கி சில வாரத்தில் மாடு தானாகக் கத்தும். ஊசிக்குக் கொடுக்கிற காசைப் பிண்ணாக்குக்குக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது கன்று. மடியில் கன்று முட்டி ஊட்டும்போது நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போய், ஜிஎன்ஆர்எச் துடிப்பு அடங்குகிறது. நாள் முழுக்கக் கன்றோடு விட்ட பசுவுக்கு வேட்கை பிந்துவதற்குக் காரணம் இதுதான். காலையும் மாலையும் கறக்கும்போது மட்டும் ஊட்டவிட்டால் சீக்கிரம் வரும். மனிதத் தாய்மாருக்கும் இதே கதைதான். குழந்தைக்கு வேறொன்றும் கொடாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் பலருக்கு மாதவிடாய் வருவதில்லை.

மூன்றாவது மணம். கிடாயின் நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறோமே, அதில் பெரிய காரியம் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாய்களின் தலையில் தொப்பிபோல ஒன்றைக் கட்டி, அதில் படிந்த மணத்தைச் சேகரித்துப் பார்த்தார்கள். அதிலுள்ள 4-எதைலொக்ரனல் என்ற பொருள் மறியின் மூளையில் ஜிஎன்ஆர்எச் துடிப்பைத் தட்டி எழுப்புகிறது என்று 2014இல் வெளியிட்டார்கள். வேட்கை வராமல் இழுத்தடிக்கிற மறிகள் இருந்தால், கிடாயை மூன்று நான்கு வாரம் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில் கட்டிவிட்டு, பிறகு கொண்டுவந்து வேலிக்கு மறுபக்கம் விடுங்கள். எங்கள் ஆடுகளில் இதை இரண்டு தடவை செய்து பார்த்தேன். ஒரு வாரம், பத்து நாளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வாலை ஆட்டத் தொடங்கின.

மூக்குக்கும் இந்த நரம்புக் கலங்களுக்கும் உள்ள சொந்தம் இன்னும் பழையது. ஜிஎன்ஆர்எச் கலங்கள் பிறப்பதே மூளையில் அல்ல. கரு வளரும்போது மூக்கு உருவாகிற இடத்தில் தோன்றி, மணநரம்பின் வழியே ஊர்ந்து மூளைக்குள் குடியேறுகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டுப் பிறக்கிற சிலருக்கு மணமும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் நோய்க்குறி என்று அதற்குப் பெயர். இதை முதன்முறை வாசித்த அன்று, கட்டையில் கட்டியிருந்த கிடாய் மேலுதட்டைச் சுருட்டி மறியின் சிறுநீரை முகர்வதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம் எங்களுக்கு அவ்வளவு சிக்கல் தருவதில்லை. குளிர்நாட்டுச் செம்மறிகளிலும் ஆடுகளிலும் இரவு நீள நீள, இருட்டில் சுரக்கிற மெலற்றோனின் என்ற ஓமோன் கூடி, அது மூளைக்குப் பருவத்தைச் சொல்லும். இலையுதிர்காலத்தில் மட்டும் வேட்கை வந்து வசந்தத்தில் குட்டி பிறக்கும். குதிரைக்கு நேர்மாறு, பகல் நீளவேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். எங்கள் ஆடுகள் வருடம் முழுக்கக் குட்டி போடும். இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது மழைக்குப் பின்னால் வருகிற பச்சைதான்.

வெக்கையும் பயமும் கடைசி. கடும் வெயிலில் கட்டிய மாடு, நாய் துரத்திய ஆடு, லொறியில் ஏற்றி இறக்கிய பசு ஆகியவற்றில் கோட்டிசோல் என்ற ஓமோன் கூடி எல்எச் வெள்ளத்தைப் பிந்தவைக்கும், சிலவேளை நிறுத்தியேவிடும். சினைப்படுத்தும் நாளில் மாட்டை நிழலில், பழகிய ஆளின் கையில் வைத்திருங்கள்.

ஆறாம் படி: கறக்கும்போது மூளையைக் கேட்டுக் கறவுங்கள்

பாலும் இனப்பெருக்கத்தின் ஒரு பகுதிதான். பாலை உண்டாக்குவது புரோலக்ரின், முற்பக்கக் கபச்சுரப்பியிலிருந்து வருவது. உண்டான பாலை மடிக்குள்ளிருந்து காம்புக்கு இறக்குவது ஒட்சிற்றோசின். அது பரிவகக்கீழில் உண்டாகி, பிற்பக்கக் கபச்சுரப்பியில் சேமித்து வைக்கப்பட்டு, வேண்டும்போது விடப்படுகிறது. அமெரிக்க இரசாயனவியலாளர் வின்சென்ற் டு விக்னோ ஒட்சிற்றோசினை 1953இல் ஆய்வுகூடத்தில் செய்துகாட்டி 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

விடியக் கொட்டிலில் பாருங்கள். கன்றை அவிழ்த்துவிட்டால் ஓடிவந்து மடியை இரண்டு முட்டு முட்டும். ஒரு நிமிடமளவில் சுருங்கிக் கிடந்த காம்புகள் தடித்து விறைக்கும், மடி இறுகும். மூளை செய்தியை வாங்கி, ஒட்சிற்றோசினை விட்டு, அது குருதியில் வந்து சேர அவ்வளவு நேரம் போதும். அப்போது கன்றைப் பிடித்து முன்னங்காலோடு கட்டிவிட்டுக் கறக்கத் தொடங்க வேண்டும். அந்தச் சுரப்பு ஐந்து முதல் எட்டு நிமிடந்தான் நிற்கும். நடுவில் தொலைபேசி எடுத்தால் பால் மேலேயே தங்கிவிடும். பழகிய மாட்டுக்கு வாளிச் சத்தமே போதும், கன்று வருமுன்னரே பால் சொட்டும்.

திருவிழா நாளில் கோயில் வெடி கேட்டுத் துள்ளிய மாடு அன்று பாலை அடக்கிவிடும். பயத்தில் சுரக்கிற அதிரினலின் என்ற ஓமோன் மடியின் குருதிக் குழாய்களைச் சுருக்கி, ஒட்சிற்றோசின் போய்ச் சேராமல் செய்கிறது. அடித்து வழிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் அதிரினலினை இன்னும் கூட்டத்தான் செய்கிறார்கள். அரை மணித்தியாலம் விட்டு, கழுத்தைத் தடவிக் கொடுத்து, கன்றைத் திரும்ப விடுங்கள். பாலுக்காக ஒட்சிற்றோசின் ஊசியை நாளும் ஏற்றுகிற பழக்கத்துக்குப் போகவே வேண்டாம். மாடு ஊசியில்லாமல் சுரக்க மறந்துவிடும்.

ஏழாம் படி: ஊசி வந்தால் எதற்கென்று கேளுங்கள்

மிருக வைத்தியர் பாவிக்கிற ஓமோன் ஊசிகள் மேலே சொன்ன பாதையின் ஏதோ ஒரு படியைத்தான் தட்டுகின்றன. ஜிஎன்ஆர்எச் ஊசி ஒருதடவை போட்டால் எல்எச் வெள்ளம் எழும், தயாராக நிற்கும் புடைப்பு வெடிக்கும். புரொஸ்ரகிளாண்டின் ஊசி மஞ்சட்சடலத்தைக் கரைக்கும், இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வேட்கை வரும். ஆனால் மஞ்சட்சடலம் இருந்தால்தான் கரைக்க முடியும். மெலிந்து வட்டமே நின்றுபோன மாட்டுக்கு அதைப் போட்டு ஒரு பயனும் இல்லை. அதைவிட முக்கியம்: சினைமாட்டுக்குத் தெரியாமல் போட்டால் கரு கலையும். கைவைத்துச் சோதிக்காமல், அயலவர் சொன்னார் என்று இந்த ஊசியை யாரும் போட இடம் கொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்த மருந்தைக் கையால் தொடவும் கூடாது, தோலினூடாகவே உள்ளே போகும்.

சினைப்படுத்திய நாளைக் கலண்டரில் எழுதினீர்கள்தானே? 18ஆம் நாளிலிருந்து திரும்பவும் தரையைப் பாருங்கள். கரு தங்கியிருந்தால், 16ஆம் நாளளவில் அது நூல்போல நீண்டு இன்ரபெரோன் வகைப் பொருள் ஒன்றை விட்டு, "நான் இருக்கிறேன்" என்று கருப்பைக்குச் சொல்லியிருக்கும். கருப்பை மஞ்சட்சடலத்தைக் கரைக்காது. 21 தாண்டியும் சளி இல்லை, சத்தம் இல்லை என்றால் நல்ல சகுனம். ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் வைத்தியரைக் கொண்டு சோதித்து உறுதிசெய்யுங்கள். உறுதியானால் சினைப்படுத்திய நாளோடு 280 நாளைக் கூட்டி எழுதுங்கள். ஆட்டுக்கு 150.

ஈனும் நாளில் ஒட்சிற்றோசின் மறுபடி வரும், இந்தத் தடவை கருப்பையைச் சுருக்க. கன்று விழுந்து, தாய் நக்கி, அது தள்ளாடி எழுந்து மடியைத் தேடும்போது தடுக்காமல் ஊட்டவிடுங்கள். சீம்பால் கன்றுக்கு வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் வருகிற ஒட்சிற்றோசின் கருப்பையை இறுக்கி இளங்கொடியைத் தள்ளவும் உதவும் என்பது மற்றது. தொங்குகிற இளங்கொடியை இழுக்காதீர்கள். 12 மணித்தியாலம் தாண்டியும் விழாவிட்டால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். எங்கள் வளவில் அது அன்று மதியத்துக்குள் விழுந்தது. பக்கத்து வளவு அம்மாவே வந்து, வைக்கோலோடு சாக்கில் பொதிந்து, ஒழுங்கை முகப்பு ஆலமரத்தில் உயரக் கட்டிவிக்கச் சொன்னார். கட்டிவிட்டு வந்து கலண்டரில் தேதியைக் குறித்தேன். அதிலிருந்து இரண்டு மாதம் தள்ளி, அடுத்த வேட்கையைக் கவனிக்கத் தொடங்க வேண்டிய வாரத்தையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன்.